ஃப்ரெகார்: பாத்திரம் தேய்ப்பதிலிருந்து மாட்டிக்கொள்வது வரை

கேள்வி இதுதான். செயலியில் ஸ்பானிஷ் படிக்கும் ஒருவருக்கு ‘ஃப்ரெகார்’ என்றால் பாத்திரம் கழுவுவது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆபீஸில் மெக்சிகோ குழுவோடு பேசிக்கொண்டிருந்தபோது சர்வர் படுத்துவிட்டது. அந்தப் பக்கம் இருந்தவர் பெருமூச்சு விட்டு ‘யா நோஸ் ஃப்ரெகாமோஸ்’ என்றாராம். “நாம் பாத்திரம் கழுவிவிட்டோம் என்றா சொன்னார்? இந்த வினைச்சொல்லை எங்கே எப்படிப் பயன்படுத்துவது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவர் சொன்னது, “போச்சு, நல்லா மாட்டிக்கிட்டோம்.” செயலி சொன்னதும் தப்பில்லை. இரண்டும் ஒரே வினைச்சொல்தான். ஒன்றிலிருந்து இன்னொன்று எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால், அகராதியில் இருக்கும் எல்லாப் பொருளையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

முதலில் ‘கழுவு’ என்ற மொழிபெயர்ப்பைத் தூக்கிப் போடுங்கள். ‘தேய்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். லத்தீனில் ‘ஃப்ரிகாரே’ என்றால் உராய்ப்பது, தேய்ப்பது. பள்ளியில் பௌதிகப் பாடத்தில் ‘ஃப்ரிக்‌ஷன்’ படித்திருப்பீர்களே, அதுவும் இதே வேரிலிருந்து வந்ததுதான். லத்தீன் ஸ்பானிஷாக மாறியபோது உயிரெழுத்துகளுக்கு நடுவில் இருந்த ‘க்’ மென்மையானது. ‘அமிகுஸ்’ என்ற நண்பன் ‘அமிகோ’ ஆனது போல. குறில் இகரம் எகரமானது. நாக்கைக் குறிக்கும் ‘லிங்குவா’ ‘லெங்குவா’ ஆனது போல. இந்த இரண்டு மாற்றத்தையும் சேர்த்தால் ஃப்ரிகாரே, ஃப்ரெகார் ஆகிவிடும்.

நமக்கு ‘தேய்’ என்ற சொல் கையில் இருப்பது பெரிய வசதி. பாத்திரம் தேய்க்கிறோம், பல் தேய்க்கிறோம், எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறோம், இஸ்திரி போடுவதைக்கூடத் துணி தேய்ப்பது என்கிறோம். ஸ்பானிஷ்காரர்கள் அவ்வளவு தாராளமில்லை. ஃப்ரெகாரை அவர்கள் வீட்டுக்குள் இரண்டே வேலைக்குத்தான் வைத்திருக்கிறார்கள்: சாப்பிட்ட பாத்திரமும், தரையும். ‘ஃப்ரெகார் லோஸ் ப்ளாத்தோஸ்’ என்றால் தட்டு கழுவுவது. ‘ஃப்ரெகார் எல் சுவேலோ’ என்றால் தரையை ஈரத்துணியால் துடைப்பது. கை, முகம், தலைமுடி, துணி, கார் எல்லாவற்றுக்கும் ‘லவார்’. ஜன்னல் கண்ணாடி, குளியலறை, பொதுவாகச் சுத்தம் செய்வது எல்லாம் ‘லிம்பியார்’. பெருக்குவது ‘பர்ரேர்’. இஸ்திரி போடுவது ‘ப்ளான்சார்’. “என் தலையை ஃப்ரெகார் செய்தேன்” என்று சொன்னால் புரியும்தான், ஆனால் தலையில் சபீனா போட்டுத் தேய்த்த மாதிரி இருக்கும்.

ஸ்பெயினில் இந்தச் சொல் எவ்வளவு புழக்கம் என்றால், என்னத்தை என்றே சொல்ல வேண்டாம். சாப்பிட்டு முடித்ததும் ‘கியேன் ஃப்ரியேகா ஓய்?’ என்று கேட்பார்கள். “இன்னைக்கு யார் தேய்க்கிறது?” பாத்திரம் என்பது தானாகப் புரிந்துகொள்ள வேண்டியது. நான் மாட்ரிட்டில் மூன்று பேரோடு ஒரு பிளாட்டில் இருந்தபோது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் முறைப் பட்டியல் ஒட்டியிருந்தது. ‘மே தோகா ஃப்ரெகார்’, இன்னைக்கு என் முறை, என்பதுதான் நான் இயல்பாகச் சொல்லக் கற்றுக்கொண்ட முதல் ஸ்பானிஷ் வாக்கியம். வகுப்பில் படித்த ‘நூலகம் எங்கே இருக்கிறது’ இன்று வரை எனக்குப் பயன்படவில்லை.

இந்த வேலையைச் சுற்றியிருக்கும் சொற்களையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளுங்கள். பாத்திரம் கழுவும் தொட்டி ‘ஃப்ரெகாதேரோ’. தேய்க்கிற நார் ‘எஸ்த்ரோபாஹோ’. இது வெறும் நார் இல்லை, பீர்க்கை வகைக் கொடிக்கும் அதே பெயர்தான். காய்ந்த பீர்க்கங்காய்க் கூட்டை உடம்பு தேய்க்க நாம் வைத்திருப்பது போல அவர்களும் வைத்திருந்தார்கள். இன்று பச்சை நிறச் செயற்கை நாரைக் கையில் வைத்துக்கொண்டும் அந்தக் கொடியின் பெயரையே சொல்கிறார்கள். தேய்த்த பிறகு நுரை போக அலசுவது ஸ்பெயினில் ‘அக்லாரார்’, அமெரிக்கக் கண்டத்தில் ‘என்ஹுவாகார்’. ஓட்டலில் பாத்திரம் கழுவ நிற்பவர் ‘ஃப்ரியேகாப்ளாத்தோஸ்’. சூப்பர் மார்க்கெட்டில் தரை துடைக்கும் திரவத்தின் பாட்டிலில் ‘ஃப்ரியேகாசுவேலோஸ்’ என்று எழுதியிருக்கும். ‘தரைதேய்ப்பி’ என்று வைத்துக்கொள்ளுங்கள். வினையையும் பெயரையும் ஒட்டிப் போட்டுப் புதுச்சொல் செய்வது ஸ்பானிஷில் சர்வ சாதாரணம்.

இந்தக் கூட்டுச்சொற்களில் ‘ஃப்ரெ’ எங்கே போனது, ‘ஃப்ரியே’ எப்படி வந்தது என்று கேட்பீர்கள். ஸ்பானிஷ் படிப்பவர்கள் தடுக்கி விழும் இடம் அதுதான். அழுத்தம் எந்த அசையில் விழுகிறதோ அதைப் பார்த்தால் போதும். வேரில் இருக்கும் எகரத்தின் மேல் அழுத்தம் விழுந்தால் அது ‘இயே’ என்று பிளக்கும். நான் தேய்க்கிறேன், ஃப்ரியேகோ. நீ, ஃப்ரியேகாஸ். அவர், ஃப்ரியேகா. அவர்கள், ஃப்ரியேகான். ‘நாம்’ வரும்போது அழுத்தம் விகுதிக்கு நகர்ந்துவிடும். அதனால் எகரம் அப்படியே நிற்கும், ஃப்ரெகாமோஸ். ஸ்பெயினில் புழங்கும் ‘நீங்களெல்லாம்’ வடிவத்திலும் அப்படித்தான், ஃப்ரெகாயிஸ். ‘பென்சார்’, ‘செர்ரார்’, ‘நெகார்’ எல்லாம் இதே வழிதான். ஒன்று பழகினால் ஒரு கூட்டமே பழகிவிடும். ஒரு வேடிக்கை என்னவென்றால், ஒலி வரலாற்றுப்படி ஃப்ரெகாருக்கு இந்தப் பிளவு வந்திருக்கவே கூடாது. லத்தீன் குறில் எகரம்தான் முறைப்படி பிளக்கும். இங்கே இருந்ததோ இகரம். ‘மறு’ என்று பொருள்படும் நெகார் ‘நியேகோ’ ஆவதைப் பார்த்து, பக்கத்து வீட்டுப் பையனைப் பார்த்துக் கெட்டுப்போன மாதிரி, இதுவும் சேர்ந்துகொண்டது. தண்ணீர் பாய்ச்சும் ‘ரெகார்’ கதையும் இதேதான்.

எழுதும்போது ஒரு சிக்கல் உண்டு, பேசும்போது கிடையாது. ‘நான் தேய்த்தேன்’ என்பது ஃப்ரெகே. ஸ்பானிஷில் ‘ஜி’ எழுத்துக்குப் பின் ‘ஈ’ எழுத்து வந்தால் ‘ஹே’ என்று படிக்க வேண்டும். அதைத் தடுக்க நடுவில் ‘யு’ எழுத்தைச் செருகுவார்கள். அந்த யுவுக்கு ஒலி இல்லை. ஆகவே ‘ஃப்ரெகுவே’ என்று படிக்காதீர்கள்.

உச்சரிப்பில் நமக்கு இன்னொரு அதிர்ஷ்டமும் இருக்கிறது. இந்த வினையில் வரும் ‘க’, ‘கங்கை’யில் இரண்டாவதாக வருமே அந்த அழுத்தமான ஒலி இல்லை. ‘பகல்’, ‘நகம்’ என்று சொல்லும்போது காற்று லேசாக உரசி வருமே, அது. ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்கள் மாதக்கணக்கில் திணறும் இந்த ஒலி நம் வாயில் தானாக வரும். ‘ஃப்ரெகாதோ’வில் வரும் தகரமும் அப்படியே, ‘பாதம்’ என்பதில் வருவது போல.

சரி, அந்த ஃப்ரெகாதோவுக்கே வருகிறேன். ‘தேய்க்கப்பட்ட’ என்று பொருள் தரும் வடிவம் அது. இந்த வினையின் வேடிக்கையெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

ஸ்பெயினில் எந்த வீட்டிலும் தரை துடைத்த பத்து நிமிடத்துக்கு ஒரு குரல் கேட்கும்: ‘நோ பீசேஸ், கே எஸ்தா ஃப்ரெகாதோ!’ “மிதிக்காதே, இப்பத்தான் துடைச்சிருக்கேன்!” நம் வீட்டில் அம்மா மாப் போட்டுவிட்டு வாசலில் நின்று கத்துவது போலவேதான். ஒரு சனிக்கிழமை எங்கள் பிளாட்டின் வீட்டுக்கார அம்மா வந்திருந்தார். நடையைத் துடைத்துவிட்டு இதே வாக்கியத்தைச் சொன்னார். என்னோடு தங்கியிருந்த பெரு நாட்டுக்காரன் வாசலில் செருப்போடு நின்று சிரி சிரி என்று சிரித்தான். அவன் ஊரில் ‘எஸ்தா ஃப்ரெகாதோ’ என்றால், “அது தொலைஞ்சுது, உருப்படாது” என்று அர்த்தம். “மிதிக்காதே, தரை நாசமாய்ப் போச்சு” என்று அவன் காதில் விழுந்திருக்கிறது. ஸ்பெயினில் அவனுக்கு அது முதல் வாரம். அந்த அம்மாவுக்குக் கடைசி வரை எதற்குச் சிரித்தான் என்று புரியவில்லை.

தேய்ப்பது எப்படித் தொல்லையாகிறது? கொஞ்சம் யோசித்தால் இதில் அதிசயமில்லை. ஒரே இடத்தில் தேய்த்துக்கொண்டே இருந்தால் எரியும். தமிழில் ஒருவர் விடாமல் பேசித் தொல்லை கொடுத்தால் ‘அறுக்கிறான்’ என்கிறோம், ‘அறுவை’ என்கிறோம், ‘பிளேடு போடுகிறான்’ என்கிறோம். நாம் அறுக்கிறோம், அவர்கள் தேய்க்கிறார்கள். மெக்சிகோவிலிருந்து மத்திய அமெரிக்கா, ஆண்டிஸ் மலை நாடுகள் வரை ‘தேஹா தெ ஃப்ரெகார்’ என்றால் “அறுக்காதேப்பா, விடு.” பெருவில் ‘பொறுமையைத் தேய்க்காதே’ என்றே சொல்வார்கள்: ‘நோ மே ஃப்ரியேகேஸ் லா பசியேன்சியா’. அதிலிருந்து அடுத்த படி, தேய்த்துத் தேய்த்துக் கெடுப்பது. ‘சே ஃப்ரெகோ லா கம்ப்யூத்தாதோரா’, கம்ப்யூட்டர் புட்டுக்கிச்சு. அதற்கும் அடுத்த படிதான் உங்கள் மெக்சிகோ நண்பர் சொன்னது: யா நோஸ் ஃப்ரெகாமோஸ். ‘யா’ என்பது ‘ஏற்கெனவே, முடிந்தது’ என்று காட்டுகிறது. ‘நோஸ்’ என்பது அந்த வினை நம் மேலேயே விழுந்ததைக் காட்டுகிறது. ‘ஃப்ரெகாமோஸ்’ நிகழ்காலத்துக்கும் இறந்தகாலத்துக்கும் ஒரே வடிவம் என்பதால், அந்த ‘யா’ இல்லாவிட்டால் காலத்தைச் சூழ்நிலையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இத்தாலியர்களும் இதே வேரை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போயிருக்கிறார்கள். அவர்களுடைய ‘ஃப்ரெகாரே’வுக்குத் தேய்ப்பது என்ற பொருளோடு ஏமாற்றுவது, சுருட்டுவது என்ற பொருளும் உண்டு. ஆக இந்தச் சொல்லுக்குக் கெட்ட சகவாசம் ஸ்பானிஷில் மட்டும் வந்ததில்லை.

இங்கே இலக்கணத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். ஸ்பானிஷில் ‘இரு’ என்பதற்கு இரண்டு வினைகள்: நிலைமையைச் சொல்ல ‘எஸ்தார்’, இயல்பைச் சொல்ல ‘சேர்’. “மி ஹேஃபே எஸ்தா ஃப்ரெகாதோ” என்றால் என் மேலதிகாரி பாவம், நிலைமை மோசம். உடம்பு சரியில்லையோ, கையில் காசில்லையோ. “மி ஹேஃபே எஸ் ஃப்ரெகாதோ” என்றால் அவர் இயல்பிலேயே கறாரான பேர்வழி, லேசில் ஒத்துவர மாட்டார். ஒரு வினை மாறினால் பரிதாபம் புகாராகிவிடும். இதெல்லாம் பெரு, கொலம்பியா, ஈக்வடார் பக்கத்துப் பேச்சு. ஸ்பெயினில் இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னால் உங்களைப் புரியாமல் பார்ப்பார்கள்.

மெக்சிகோவில் இதற்கு இன்னொரு வேலையும் உண்டு. அங்கே எல்லாவற்றுக்கும் உதவும் ஒரு பச்சையான கெட்ட வார்த்தை இருக்கிறது. அதை இங்கே எழுதவில்லை, ஒரு வாரத்தில் நீங்களே கேட்டுவிடுவீர்கள். பாட்டி பக்கத்தில் இருக்கும்போது அதன் இடத்தில் ஃப்ரெகாரைப் போட்டு ஒப்பேற்றுவார்கள். நாம் ‘மயிலே’ என்று திருப்பி விடுவது போல. அதனால் அந்தக் கெட்ட வார்த்தைக்கு இருக்கும் நல்ல பொருளும் சேர்ந்தே வந்துவிட்டது: ‘ஃப்ரெகோன்’ என்றால் அங்கே கில்லாடி, செம ஆள். ‘நோ ஃப்ரியேகேஸ்’ என்று ஒருவர் கண்ணை விரித்துச் சொன்னால், அது “தொல்லை கொடுக்காதே” இல்லை, “சும்மா சொல்றே, நிஜமாவா?” என்பதுதான். முகத்தைப் பார்த்துப் பொருள் கொள்ளுங்கள்.

அந்த ஃப்ரெகோனோடு ஒரு ‘ஆ’ சேர்ந்து ‘ஃப்ரெகோனா’ ஆனால் ஸ்பெயினில் அது தரை துடைக்கும் குச்சி மாப். இதன் கதை எனக்குப் பிடித்தது. ஸ்பெயினில் 1950கள் வரை பெண்கள் முழங்காலில் மண்டியிட்டு, பக்கத்தில் வாளி வைத்துக்கொண்டு, துணியால்தான் தரையைத் துடைத்தார்கள். மானுவேல் ஹலோன் கொரோமினாஸ் என்ற விமானப் பொறியாளர், அமெரிக்காவில் விமானக் கொட்டகைகளை நின்றபடியே மாப் போட்டுத் துடைத்து, வாளியில் உருளை வைத்துப் பிழிவதைப் பார்த்திருந்தார். அதை வீட்டுக்கேற்ற மாதிரி 1956-ல் சரகோசா நகரத்தில் செய்து விற்கத் தொடங்கினார். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் ஊசிக் குழாயைப் பரப்பியதிலும் பிறகு அவருக்குப் பங்கு உண்டு. ஆனால் ஸ்பெயின்காரர்கள் அவரை நினைப்பது மாப்பை வைத்துத்தான்.

பெயர் மட்டும் பழசு. ஃப்ரெகோனா என்பது அதற்கு முன் பொருளின் பெயரே இல்லை, ஆளின் பெயர்: பாத்திரமும் தரையும் தேய்க்கும் வேலைக்காரப் பெண். 1613-ல் ஸ்பானிஷ் எழுத்தாளர் செர்வாந்தேஸ் வெளியிட்ட கதைத் தொகுப்பில் ஒரு கதையின் தலைப்பிலேயே ‘புகழ்பெற்ற ஃப்ரெகோனா’ வருகிறாள். தொலேதோ நகரத்துச் சத்திரத்தில் இருக்கும் அந்தப் பெண் பாத்திரமே தேய்ப்பதில்லை என்பதுதான் கதையில் ஓடும் கிண்டல். பொருளுக்கு இந்தப் பெயர் வந்த பிறகும் பழைய பொருள் சாகவில்லை. இன்றைக்கும் ஒரு பெண்ணை ஃப்ரெகோனா என்றால் அது வசவு. கடையில் கேட்கலாம், ஆளைப் பார்த்துச் சொல்லக் கூடாது.

அட்லாண்டிக்கைத் தாண்டினால் அந்தக் குச்சிக்கே பெயர் மாறும். மெக்சிகோவில் ‘த்ராபெயாதோர்’, துடைப்பது ‘த்ராபெயார்’, துணியைக் குறிக்கும் ‘த்ராப்போ’விலிருந்து வந்தது. வெனிசுவேலாவில் ‘கோலேத்தோ’. புவேர்த்தோ ரிக்கோவில் ஆங்கில மாப் அப்படியே ‘மாப்போ’ ஆகிவிட்டது, நாமும் மாப் என்றே சொல்வதால் அங்கே போனால் உங்களுக்குச் சுலபம். தரைக்கும் இரண்டு சொல்: ஸ்பெயினில் சுவேலோ, அந்தப் பக்கம் பெரும்பாலும் ‘பீசோ’. ஆனால் ஸ்பெயினில் பீசோ என்றால் பிளாட். ஆகவே மெக்சிகோக்காரர் சொல்லும் ‘பீசோவைத் துடைத்தேன்’ மாட்ரிட்டில் “பிளாட் முழுக்கத் துடைத்தேன்” என்று கேட்கும். கெட்ட பேர் வராது, நல்ல பேர்தான் வரும்.

ஸ்பெயினில் பாத்திரம், லத்தீன் அமெரிக்காவில் தொல்லை என்று கோடு போட்டுப் பிரித்துவிடாதீர்கள். பல இடங்களில் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள், அது சரியில்லை. கியூபா, டொமினிக்கன் குடியரசு, புவேர்த்தோ ரிக்கோ மூன்றிலும் தட்டு தேய்க்க ஃப்ரெகார்தான். மெக்சிகோவில் பாத்திரம் கழுவுவதை ‘லவார் லோஸ் த்ராஸ்தேஸ்’ என்பார்கள், ஆனால் கழுவும் தொட்டி அங்கேயும் ஃப்ரெகாதேரோதான். வினை வீட்டைவிட்டு வெளியே போய்விட்டது, தொட்டி மட்டும் அடுக்களையிலேயே நின்றுவிட்டது. ஸ்பெயினிலும் இந்தச் சொல்லின் கெட்ட பக்கம் முழுதாக இல்லாமல் இல்லை. ‘மெத்தேர்ஸே என் உன் ஃப்ரெகாதோ’ என்றால் வேண்டாத வம்பில் போய் மாட்டுவது. ‘தரை பெருக்கவும் ஆவான், தேய்க்கவும் ஆவான்’ என்று ஒரு சொலவடை உண்டு. எந்த வேலை கொடுத்தாலும் செய்கிறவரைச் சொல்வது அது. சொல்கிற தொனியைப் பொறுத்துப் பாராட்டாகவும் இருக்கும், இடிப்பாகவும் இருக்கும்.

தேய்ப்பது என்ற ஆதிப்பொருள் அப்படியே உயிரோடிருக்கும் இடம் ஒன்று உண்டு: ‘ஃப்ரியேகாஸ்’. ‘நீ தேய்க்கிறாய்’ என்ற வினையும் இதே வடிவம்தான், ஆனால் இது பெயர்ச்சொல். சளி பிடித்தால் மார்பில் தைலம் தேய்ப்பது, கால் வலிக்கு ஆல்கஹால் போட்டு உருவிவிடுவது. ஸ்பெயின் பாட்டிகளின் கைவைத்தியம். கண்ணைக் கசக்குவதற்கும், சட்டைக் காலரை அழுத்தித் தேய்ப்பதற்கும் இதே போல ஒலிக்கும் ‘ரெஸ்த்ரெகார்’ இருக்கிறது.

இனி நீங்கள் எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு வருகிறேன். எந்த ஊர்க்காரர் என்று தெரியாதவரிடம் பாத்திரத்துக்கு ‘லவார் லோஸ் ப்ளாத்தோஸ்’ என்றே சொல்லுங்கள். எல்லா நாட்டிலும் புரியும், யாரும் சிரிக்க மாட்டார்கள். ஸ்பெயினுக்குப் படிக்கவோ வேலைக்கோ போவதாக இருந்தால் ஃப்ரெகாரைத் தயங்காமல் பிடித்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் அங்கே ஒரு நாள் ஓடாது. தொல்லை என்ற பொருளில் நீங்களாகத் தொடங்காதீர்கள். அது கெட்ட வார்த்தை இல்லை, ஆனால் கொச்சை. கிளையண்டிடம் சொன்னால் கொஞ்சம் துடுக்காக இருக்கும். “தொந்தரவு செய்ததற்கு மன்னிக்கவும்” என்று எழுத வேண்டியிருந்தால் ‘மொலெஸ்தார்’ இருக்கிறது, அது போதும். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் பயங்கரமான அர்த்தம் ஸ்பானிஷில் சாதாரணமாக வராது, பயப்படாதீர்கள்.

அடுத்த முறை சர்வர் படுத்து, அவர் மறுபடியும் ‘யா நோஸ் ஃப்ரெகாமோஸ்’ என்றால், ‘நி மோதோ’ என்று பதில் சொல்லிப் பாருங்கள். மெக்சிகோவில் நாளுக்கு நூறு தடவை கேட்கும் சொல் அது. “என்ன பண்றது, விடுங்க” என்று அர்த்தம்.